இந்திரா நகர் ஸ்டேஷனுக்கு வெளியே நின்று பார்த்தேன். அடுத்து எந்தச் சுவருக்குப் போகலாம்?

பறக்கும்ரயில்காரி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 46 வயது. வீடு ஆதம்பாக்கம், வேலை சிந்தாதிரிப்பேட்டையில். பதினோரு வருடமாக வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறிப் போய் வருகிறேன். ஒருநாளைக்கு இரண்டு தடவை இந்திரா நகர் ஸ்டேஷனைத் தாண்டுகிறேன். அங்கே இறங்கியது மட்டும் கிடையாது, இறங்க வேலையும் இருந்ததில்லை.

போன மாதம் மகளுக்குக் கண் பரிசோதனை. ஏழாம் வகுப்புப் படிக்கிறாள், போர்டு தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொட்டு மருந்து போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். வெயில் கூசுகிறது என்று என் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தவள், ஓ.எம்.ஆர் பக்கம் நின்று ஆட்டோ தேடும்போது, "அம்மா, எனக்கு எல்லாம் மங்கலா இருக்கு. அங்க தெரியறது நிஜமாவே முகமா?" என்று கேட்டாள். திரும்பிப் பார்த்தேன். ஸ்டேஷன் கட்டடத்தின் வெளிப்பக்கம் முழுக்க முகங்கள். ஆணும் பெண்ணும், வயதானவர்களும் இளையவர்களும், மாடி உயரத்துக்கு ஒருவர் பக்கத்தில் ஒருவராக. ரயிலுக்குள் இருப்பவர்களுக்கு அது தெரியாது. பதினோரு வருடம் அந்த முகங்களின் முதுகுப்பக்கமாகவே போய் வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். கொரோனா காலத்தில் வரைந்தது. ஏ-கில், கத்ரா என்ற இரண்டு ஓவியர்கள். ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் சேர்ந்து செய்த வேலை. அந்த முகங்களில் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களும் இருக்கிறார்கள், இல்லாதவர்களும் இருக்கிறார்கள். யார் எவர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அதற்காகத்தான் அப்படி வரைந்திருக்கிறார்கள். இதை மகளுக்குச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கண் தெளிந்தபிறகு, மறுபடி கூட்டிப்போகச் சொன்னாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, "நான் கண்டுபிடிக்கப் பார்த்துட்டேன்மா, அது தப்புல்ல?" என்றாள். நானும் மனதுக்குள் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஞாயிறு காலைகளில் இட்லியைக் கட்டி எடுத்துக்கொண்டு இருவரும் நடக்கிறோம். ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறோம். எந்த இடம், என்ன படம், பெயின்ட் எப்படி இருக்கிறது, வரைந்தவர் யார் என்று நான்கு கட்டம். இதுவரை 41 சுவர்கள் ஏறியிருக்கின்றன. மாநகராட்சிப் பள்ளிச் சுவரில் சூரியக் குடும்பம், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் யாரோ வரைந்த சிட்டுக்குருவிகள், சலூன் ஷட்டரில் பழைய நடிகர்களின் தலைமுடி, எங்கள் தெரு மாவு மில்லின் பக்கவாட்டுச் சுவரில் மங்கிப்போன ஒரு பெண், கையில் முறத்தோடு. நான்காவது கட்டம்தான் கஷ்டம். 41-இல் 38 காலியாக இருக்கிறது.

கேட்க நினைப்பது மூன்று விஷயம். அடுத்து எங்கே போகலாம்? கண்ணகி நகர் போக வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் மக்கள் குடியிருக்கிற இடத்துக்கு வேடிக்கை பார்க்கப் போவது சரியா என்று எனக்கு உறுத்துகிறது. இரண்டாவது, கடைச் சுவரில் இருக்கிற விளம்பரப் படம், கட்சிக்காரர்கள் எழுதுகிற சுவர் எழுத்து இவற்றையெல்லாம் சுவர் ஓவியம் என்று நோட்டில் சேர்க்கலாமா? மூன்றாவது, வரைந்தவர் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

---

நாலாவதுமாடி

அக்கா, நான் கண்ணகி நகர்தான். 2001-இல் கைக்குழந்தையாக இங்கே வந்தேனாம். அதற்கு முன்னால் எங்கள் வீடு ஆற்றங்கரையில், நகரத்துக்கு நடுவில். இங்கே இருக்கிற எல்லோர் கதையும் அதுதான். 2000-இல் தொடங்கி, கரையோரம் இருந்தவர்களையும் குடிசைகளில் இருந்தவர்களையும் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து ஒக்கியம் துரைப்பாக்கத்தில் விட்டார்கள். பக்கத்து எழில் நகரையும் சேர்த்தால் 23,000 வீடுகளுக்கு மேல். முதல் வருடங்களில் அம்மா பழைய இடத்துக்கே வீட்டு வேலைக்குப் போவார். காலை நாலரைக்கு எழுந்தால்தான் முடியும்.

நான் டிப்ளமோ முடித்து இன்டர்வியூ போனபோது முகவரியைப் பார்த்ததும் முகம் மாறும். என் நண்பர்கள் சிலர் துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதுவார்கள். 2020-இல் நீங்கள் சொன்ன அதே ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளைக்காரர்கள் எங்கள் பிளாக் சுவர்களில் ஓவியம் வரைய வந்தபோது நான் சும்மா இருந்தேன், அதனால் பெயின்ட் வாளி தூக்கிக் கொடுத்துக்கொண்டு கூடவே நின்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் எங்கள் பிளாக்கில் பாதிப் பேருக்குக் கோபம். "தண்ணி வர மாட்டேங்குது, படிக்கட்டுல லைட் இல்ல, இதுல படம் போட வந்துட்டாங்க" என்று கீழ் வீட்டுப் பாட்டி நேராகவே கேட்டார். அது நியாயமான கேள்வி. ஓவியத்தால் குழாயில் தண்ணீர் வந்துவிடவில்லை.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. லிஃப்ட் வண்டியில் நின்று ஒரு ஓவியர் நாலு மாடி உயரத்துக்கு முகம் வரைகிறார். எங்கள் தெருப் பிள்ளைகளின் முகம் போலவே இருக்கிறது, நிறமும் எங்கள் நிறம்தான். விளம்பரப் பலகையில் அந்த நிறத்தை நான் பார்த்ததில்லை. கோபப்பட்ட அதே பாட்டி மூன்றாம் நாள் டீ போட்டு மேலே அனுப்பினார். இப்போது எங்கள் வீட்டுக்கு வழி சொல்லும்போது யாரும் பிளாக் நம்பர் சொல்வதில்லை, எந்தப் படத்துக்குப் பக்கத்தில் என்றுதான் சொல்கிறோம். ஆட்டோக்காரரும் அப்படியே கேட்கிறார்.

அதனால் வாங்க அக்கா, மகளையும் கூட்டி வாங்க. இரண்டு மூன்று விஷயம் மட்டும். பெண்கள் தண்ணீர் பிடிக்கிற இடத்திலும் துணி காயப் போட்டிருக்கிற பால்கனியிலும் கேமராவைத் திருப்பாதீர்கள். சுவரை எடுங்கள், ஆளை எடுக்க வேண்டுமென்றால் ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். காலை ஒன்பது மணிக்குள் அல்லது நாலு மணிக்குப் பிறகு வாருங்கள். மதிய வெயிலில் நிறம் வெளுத்துத் தெரியும். வந்தால் சும்மா பார்த்துவிட்டு ஓடாமல் எங்கள் கடைகளில் ஏதாவது சாப்பிடுங்கள். சாயங்காலம் பஜ்ஜி நன்றாக இருக்கும்.

ஓவியம் பார்த்து முடித்ததும் பிள்ளைகள் கபடி ஆடுகிற இடத்தையும் விசாரித்துப் போய்ப் பாருங்கள். 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் அணியில் ஆடிய கார்த்திகா எங்கள் ஊர்ப் பெண்.

---

கட்டம்போட்டவர்மகன்

சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன். சேர்க்க வேண்டும். அவசியம் சேர்க்க வேண்டும்.

என் அப்பா பேனர் ஆர்ட்டிஸ்ட். அண்ணா சாலையில் நாற்பது அடி, ஐம்பது அடி என்று சினிமா பேனர் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். தயாரிப்பாளர் தருவது உள்ளங்கை அளவு ஸ்டில் ஒன்றுதான். அப்பா அதன்மேல் பென்சிலால் கட்டம் போடுவார். துணியை மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வெள்ளை அடித்துக் காயவிட்டு, அதிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம். நீலப் பொடி தடவிய நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். நூல் பிடிப்பதுதான் என் வேலை. ஸ்டில்லில் ஒரு கட்டத்துக்குள் அடங்குகிற கண், பேனரில் என் உயரத்துக்கு இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் கன்னத்தில் பச்சை, நெற்றியில் ஊதா, மூக்கோரம் ரோஸ் என்று கண்டபடி இருக்கும். எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்று பார்த்தால் உயிரோடு ஒரு முகம். அப்பா ஒரு நாளில் பத்துத் தடவை சாலையைக் கடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

ஃப்ளெக்ஸ் வந்தது. மூன்று வாரம் பிடித்த வேலையை மெஷின் ஒரே ராத்திரியில் அடித்துத் தள்ளியது. எங்கள் தெருவில் இருந்த பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. அப்பா நம்பர் பிளேட் எழுதினார், பள்ளிக்கூடத்தில் திருக்குறள் எழுதினார், தேர்தல் நேரத்தில் சின்னம் வரைந்தார். 2010 வாக்கில் போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க மாநகராட்சி முக்கியச் சாலைகளின் சுவர்களில் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் சொன்னது. பேனர் வேலை போன ஓவியர்கள் பலருக்கு அதில் வேலை கிடைத்தது. அப்பாவுக்கும் கிடைத்தது. சில மாதங்கள்தான். ஆனால் அந்த மாதங்களில் அவர் நடையே வேறு மாதிரி இருந்தது. ஜல்லிக்கட்டுக் காளையின் திமிலுக்கு மட்டும் ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டார்.

இன்று பெரிய மாடிச் சுவரில் வரைகிறவர்கள் பலர் வேறு முறையில் அளவு எடுக்கிறார்கள். சுவர் முழுக்கக் கண்டபடி கிறுக்கல்கள் போட்டு, அதைப் போட்டோ எடுத்து, போனில் அந்தக் கிறுக்கல் மேல் ஓவியத்தைப் பொருத்தி, எந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்தில் மூக்கு வரும் என்று பார்த்துக்கொள்கிறார்கள். அப்பாவிடம் அதைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுவும் கட்டம்தான்டா" என்றார்.

மூன்றாவது கேள்வி: வலது கீழ் மூலையைப் பாருங்கள். அப்பா காலத்து ஆட்கள் பெயரைப் பெரிதாகப் போட மாட்டார்கள், ஆனால் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சின்ன எழுத்தில் "ஆர்ட்ஸ்" என்று முடியும் ஒரு பெயரும் போன் நம்பரும் இருக்கும். அடுத்த வேலை அதை வைத்துத்தான் வரும். மண் மூடியிருக்கும், போஸ்டர் ஒட்டியிருக்கும், குனிந்து பார்க்க வேண்டும். நம்பர் 7 இலக்கமாக இருந்தால் இன்னொன்றும் தெரிந்துவிடும். 2000-களின் தொடக்கத்தில்தான் சென்னை லேண்ட்லைன் எண்களுக்கு முன்னால் 2 சேர்த்து 8 இலக்கம் ஆக்கினார்கள். அதற்கு முந்தைய சுவர் அது.

---

மெரினாகாற்று

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கட்சிச் சின்னத்தையும் சிமென்ட் விளம்பரத்தையும் இதில் சேர்த்தால் நோட்டு குப்பையாகிவிடும். சுவருக்குச் சொந்தக்காரரைக் கேட்காமல் சுண்ணாம்பு அடித்து, இத்தனை வருடத்துக்கு இது எங்கள் சுவர் என்று எழுதிவைத்துவிட்டுப் போகிறார்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்தக் கூடாது என்று 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாகிவிட்டது. என் வீட்டு மதிலில் இரண்டு தேர்தல் இப்படிப் போயிருக்கிறது, நான்தான் சொந்தக் காசில் அழித்தேன்.

அரசு செய்கிற எல்லாவற்றையும் கொண்டாடவும் என்னால் முடியவில்லை. 2022 செஸ் ஒலிம்பியாட் நேரத்தில் நேப்பியர் பாலத்தை முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டமாக்கினார்கள். ஊரே போய் செல்ஃபி எடுத்தது. எனக்கு அந்தப் பாலத்தின் வளைவுகள் வெள்ளையில் கடலுக்கு முன்னால் நிற்பதுதான் அழகு. இந்திரா நகரில் ஒரு காரணம் இருக்கிறது, கண்ணகி நகரில் அங்கேயே குடியிருக்கிறவர்கள் அதைத் தினமும் பார்க்கிறார்கள். அவற்றையும் பாலத்துக் கட்டங்களையும் ஒரே பட்டியலில் போடக் கூடாது என்பது என் எண்ணம்.

---

கட்டம்போட்டவர்மகன்

மெரினாகாற்று ஐயா, கேட்காமல் எழுதியது தப்புதான், மறுக்கவில்லை. உங்கள் மதிலில் எழுதியவருக்கு அன்றைக்குக் கூலி எவ்வளவு கிடைத்திருக்கும் என்றும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சுவரைப் பிடித்தது கட்சி. எழுதியது என் அப்பாவைப் போல ஒருவர். ஏணியில் நின்று, நூல்கூட அடிக்காமல், ஒரே மூச்சில் நாலடி உயர எழுத்தைக் கோணாமல் இறக்குவது லேசான வேலை இல்லை. 'ழ'வின் அந்தக் கீழ்ச்சுழியை ஒருமுறை நீங்கள் பிரஷ்ஷில் போட்டுப் பாருங்கள்.

---

நொய்யல்கரை

கோவைக்கு வந்தால் உக்கடம் குடியிருப்புகளைப் பாருங்கள். கண்ணகி நகரில் வரைந்த அதே அறக்கட்டளைதான் இங்கேயும் வரைந்தது. டவுன்ஹாலிலிருந்து நடந்தே போய்விடலாம். நாலாவதுமாடி தம்பி சொன்ன மரியாதை இங்கேயும் பொருந்தும்.

இன்னொன்று. நான் கட்டட வேலையில் இருக்கிறவன் என்பதால் சொல்கிறேன். நோட்டில் பெயின்ட் நிலை என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறீர்களே, அது ரொம்ப நல்ல விஷயம். எதனால் உரிகிறது என்பதையும் எழுதுங்கள். கீழிருந்து இரண்டு மூன்று அடிக்கு மட்டும் செதில் செதிலாக உரிந்து வெள்ளைப் பொடி தெரிந்தால் அது ஓதம். தரை ஈரம் மேலேறி, உப்புப் பூத்துத் தள்ளுகிறது. எத்தனை தடவை மேலே பெயின்ட் அடித்தாலும் நிற்காது. மொட்டை மாடிப் பக்கமிருந்து கறுப்பாகக் கோடு இறங்கினால் மழைநீர்க் குழாயில் கோளாறு. மொத்தமாக வெளுத்திருந்தால் வெயில், பெரும்பாலும் மேற்குப் பார்த்த சுவராக இருக்கும், சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும். சுவரைச் சரி செய்யாமல் ஓவியத்தை மட்டும் புதுப்பிக்க முடியாது. அதனால் அந்தக் கண்ணகி நகர்ப் பாட்டியின் தண்ணீர்க் குழாயும் ஓவியமும் வேறு வேறு பிரச்சினை என்று நான் நினைக்கவில்லை. குழாய் ஒழுகினால் படமும் போய்விடும்.

---

நாலாவதுமாடி

நொய்யல்கரை அண்ணா, இதை எங்கள் பிளாக் கூட்டத்தில் அப்படியே சொல்லப் போகிறேன். எங்கள் பக்கம் ஒரு படத்தில் கறுப்புக் கோடு இறங்க ஆரம்பித்துவிட்டது. மாடித் தொட்டியை யாராவது ஏறிப் பார்க்க வேண்டும்.

---

பறக்கும்ரயில்காரி

எல்லோருக்கும் நன்றி. நேற்று போய் வந்தோம், அதைச் சொல்லிவிட வேண்டும்.

கண்ணகி நகருக்குச் சாயங்காலம் நாலரைக்குப் போனோம். நான் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன், எடுக்கக் கூச்சமாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் மூன்று சிறுமிகள் வந்து மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எந்தப் படத்தை எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு படத்துக்கு எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடிப் படிக்கட்டு, இன்னொன்றுக்கு மளிகைக் கடைத் திண்ணை. அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். "ராத்திரி தெரு விளக்குல பாருங்க, இன்னும் நல்லா இருக்கும்" என்றார். பஜ்ஜி சாப்பிட்டோம். நாலாவதுமாடி தம்பி, நீங்கள் சொன்னது சரிதான். கபடி ஆடுகிற இடத்தில் மகள் எழுந்து வரவே மறுத்துவிட்டாள், கடைசிப் பஸ்ஸுக்கு ஓட வேண்டியதாயிற்று.

மெரினாகாற்று சொன்னதை இருவரும் பேசிப் பார்த்தோம். கட்சி எழுத்துக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து தனியாக ஒரு பட்டியல் தொடங்கியிருக்கிறாள் மகள். தலைப்பு "கேட்காமல் எழுதியவை". அதிலும் வரைந்தவர் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது.

இன்று காலையில் மாவு மில் சுவருக்குப் போனோம். பத்து வருடமாக அந்தத் தெருவில்தான் இருக்கிறேன், அந்தச் சுவரில் கீழ்மூலை என்று ஒன்று இருப்பதாகவே நினைத்ததில்லை. கிரைண்டர் கழுவுகிற தண்ணீர் தெறித்து மண் அப்பியிருந்தது. மில்காரர் ஒரு பழைய பிரஷ்ஷும் குவளையில் தண்ணீரும் கொடுத்தார். மெதுவாகத் தேய்த்தோம். முறத்தை ஏந்திய பெண்ணின் பாதம் முதலில் வந்தது, கொலுசோடு. அவளுக்குக் கொலுசு இருப்பது மில்காரருக்கே தெரியவில்லை. பாதத்துக்குப் பக்கத்தில், சிவப்பில், முன்பாதி பெயர்ந்துபோன ஒரு பெயர். "ன் ஆர்ட்ஸ்" மட்டும் தெரிந்தது. கீழே எண். நானும் மகளும் ஒரே நேரத்தில் எண்ணினோம். 7 இலக்கம்.

முன்னால் 2 போட்டுக் கூப்பிடலாமா என்றாள். கூப்பிட்டோம். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. மில்லை இவர் வாங்குவதற்கு முன்னால் நடத்தியவர் இப்போது மேடவாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறாராம், அவருக்கு வரைந்தவரைத் தெரிந்திருக்கலாம் என்று மில்காரர் முகவரி எழுதிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு அங்கே போகிறோம். கட்டம்போட்டவர்மகன், உங்கள் அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்வீர்களா? ஆதம்பாக்கம், நங்கநல்லூர் பக்கம் வேலை செய்தவர்களில் "ன்" என்று பெயர் முடிகிற ஆர்ட்டிஸ்ட், கொலுசு வரைகிறவர், யாராவது அவருக்கு நினைவிருக்கிறதா?